படித்தவர்கள் கட்டிய சுவர்

நிறவெறி என்பது அறியாமை, படிப்பு பரவினால் தானாகக் கரைந்துவிடும் என்ற பேச்சைக் கேட்காத பகுத்தறிவு மேடை கிடையாது. பேய் பிசாசுக்குச் சொல்லும் மருந்தையே நிறவெறிக்கும் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய புத்தகங்களைப் பல காலமாகப் படித்துவருகிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. அந்த நாட்டில் நிறவெறிக்குச் சட்டம் எழுதியவர்கள், மருத்துவச் சான்று கொடுத்தவர்கள், வரைபடம் போட்டவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். மேற்கோள் காட்டத் தெரிந்தவர்கள், புள்ளிவிவரம் தெரிந்தவர்கள். பகுத்தறிவை உயிராக மதிக்கிறவர்கள் முதலில் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

தமிழ் வாசகர்கள் பலரையும் போல எனக்கும் வாசல் திறந்தவர் அலெக்ஸ் ஹேலி. 1976-இல் வந்த அவருடைய நாவல் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் கிடைத்தது. கல்லூரி விடுதியில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன ஒரு பிரதியில்தான் அதன் நாயகன், அடிமையாக்கப்பட்ட குன்டா கின்டேயைச் சந்தித்தேன். அழவைக்கிற நாவல். அழுது முடித்த கையோடு அந்த வெள்ளை முதலாளிகளை மிருகங்கள் என்று திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். மிருகம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. அடுத்துப் படித்த புத்தகம் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை.

அது ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாறு. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். சிறுவனாகப் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டபோது, அந்த வீட்டு எஜமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் ஹியூ ஆல்ட் தடுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? எழுத்து தெரிந்துவிட்டால் இவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான், எஜமானுக்கும் பயன்பட மாட்டான், தனக்கும் நிம்மதி இருக்காது. இந்த வாதத்தில் ஒரு பிழை கண்டுபிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். அப்பட்டமான உண்மை. டக்ளஸும் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார், அதனால்தான் பசித்த வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டித்துண்டு கொடுத்துத் தெருவிலேயே படிக்கக் கற்றுக்கொண்டார். ஹியூ ஆல்டுக்குத் தெளிவு குறைவாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? எழுத்து என்ன செய்யும் என்பது அவருக்கு அந்தச் சிறுவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. தென் கரோலினாவுக்கு 1740-லேயே தெரிந்திருந்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை அந்த ஆண்டில்தான் அது சட்டப்படி குற்றமாக்கியது.

ஹியூவின் சகோதரர்தான் டக்ளஸின் சொந்த எஜமான் தாமஸ் ஆல்ட். 1832 ஆகஸ்டில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திய கூட்டத்துக்குப் போய் மனம் திரும்பி வந்தார் தாமஸ். கடவுள் பயம் வந்தவர் இனி விடுதலை தருவார், இல்லாவிட்டால் இரக்கமாவது காட்டுவார் என்று எதிர்பார்த்தார் டக்ளஸ். வீட்டில் காலையும் மாலையும் ஜெபம் நடந்தது. போதகர்கள் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அடிமைகள் பட்டினி கிடந்தார்கள். ஹென்னி என்று ஒரு ஊனமுற்ற பெண். சிறுவயதில் நெருப்பில் விழுந்து கைகள் கருகிப்போனவள், அதனால் வேலைக்கு உதவாதவள். அவளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்துவிட்டு, மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து மறுபடியும் அடிப்பார் தாமஸ். அடிக்கும்போது, எஜமானின் சித்தம் தெரிந்தும் அதன்படி செய்யாத வேலைக்காரனுக்கு அடி விழும் என்கிற லூக்கா சுவிசேஷ வசனத்தைச் சொல்லிக்கொண்டே அடிப்பார்.

மதம் மனிதனை நல்லவனாக்கும் என்று வாதிடுகிறவர்களிடம் இந்தப் பக்கங்களைப் பிரித்துக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். நம் தரப்பு ஆட்கள் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்குச் சங்கடம். தாமஸ் ஆல்டின் சாட்டைக்கு வேதம் உரை எழுதியது உண்மை. அதே காலத்தில் அதே சாட்டைக்கு விஞ்ஞானமும் உரை எழுதியது.

லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் 1851-இல் ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்து மருத்துவ இதழில் எழுதினார். நோயின் அறிகுறி, அடிமை தப்பி ஓடுவது. அதற்குக் கிரேக்கச் சொற்களால் ஒரு பெயரும் வைத்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற அடிமையை ஆரம்பத்திலேயே சாட்டையால் அடித்தால் நோய் முற்றாமல் தடுக்கலாம் என்று சிகிச்சையும் எழுதிவைத்தார். இன்றைக்கு இதைப் படிப்பவர்கள் 'போலி விஞ்ஞானம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. இதே கார்ட்ரைட்தான் மூச்சின் கொள்ளளவை அளக்கும் கருவியை எடுத்துக் கறுப்பர்களின் நுரையீரல் வெள்ளையர்களுடையதைவிடச் சிறியது என்று அளவு சொன்னவர். மூச்சு சரியாக ஓட வேண்டுமென்றால் அவர்கள் வயலில் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கொண்டுபோய்ச் சேர்த்த முடிவு. லண்டி பிரவுன் 2014-இல் எழுதிய நூல் இந்தக் கருவியின் கதையைத் தொடர்கிறது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வீரர்களை அளந்த கணக்குகள், பிறகு மருத்துவப் பாடநூல்கள், பிறகு கணினி மென்பொருள் என்று அந்த எண்ணம் பத்திரமாகப் பயணம் செய்தது. நோயாளி கறுப்பர் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் இயல்பு அளவை 10 முதல் 15 விழுக்காடு குறைத்துக் கணக்கிடும் ஏற்பாடு நம் காலம்வரை இருந்தது. அதாவது நுரையீரல் கெட்டுப்போன ஒரு கறுப்பினத் தொழிலாளியைப் பார்த்து, உனக்கு இதுதான் இயல்பு என்று இயந்திரம் சொல்லும். அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் இந்தத் திருத்தத்தைக் கைவிடச் சொன்னது 2023-இல். சாட்டையைச் சிபாரிசு செய்தவருடைய எண்ணம், அவர் பெயரே அறியாத, யாரையும் வெறுக்காத மருத்துவர்களின் கையில் வந்து நின்றது. அவர்களிடம் போய் 'படியுங்கள், வெறி போய்விடும்' என்று சொல்வீர்களா?

எண்களுக்கு உண்மை தவிர வேறு எஜமான் இல்லை என்று நம்புகிறவர்களுக்கு 1840-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஒன்று இருக்கிறது. வடக்கே விடுதலை பெற்று வாழும் கறுப்பர்களிடையே மனநோய் தெற்கைவிடப் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் பட்டியலை ஊர் ஊராகச் சரிபார்த்து, கறுப்பர் ஒருவர்கூட வசிக்காத ஊர்களிலும் கறுப்பின மனநோயாளிகள் பதிவாகியிருப்பதைக் காட்டினார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த வெளியுறவு அமைச்சர் ஜான் கால்ஹூன் 1844-இல் அந்தத் தப்புக் கணக்கையே வைத்து, அடிமைமுறை கறுப்பர்களுக்கு நன்மை என்று பிரிட்டிஷ் தூதருக்குக் கடிதம் எழுதினார். கணக்கைத் திருத்தவும் இல்லை.

சரி, பொய்க் கணக்கு போட்டால் உண்மைக் கணக்கு போட்டு முறியடிக்கலாமே? அப்படி நினைத்தவர்தான் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பர் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து 1899-இல் பெரிய ஆய்வு நூலை வெளியிட்டவர். உலகம் தவறாக நினைப்பதற்குக் காரணம் அதற்குத் தெரியாமல் இருப்பது, தெரிய வைத்தால் போதும் என்பது அந்நாளில் அவருடைய நம்பிக்கை. அதே 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கூட்டம் உயிரோடு எரித்தது. டுபாய்ஸ் நிதானமாக ஓர் அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு அட்லாண்டா நாளிதழ் அலுவலகத்துக்கு நடந்தார். வழியில் ஒருவர் சொன்னார்: கொல்லப்பட்டவனின் விரல் முட்டிகளை இதே தெருவில் மேலே ஒரு மளிகைக்கடையில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். டுபாய்ஸ் திரும்பிவிட்டார். இப்படிக் கொல்லப்படும் மக்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஒருவன் பதற்றமில்லாத ஆய்வாளனாக மட்டும் இருக்க முடியாது என்று 1940-இல் எழுதினார். 1935-இல் வந்த அவருடைய பெரிய வரலாற்று நூலில் கேள்வியே மாறியிருக்கிறது. ஏழை வெள்ளைத் தொழிலாளி குறைந்த கூலியைச் சகித்துக்கொள்வதற்கு, நிறத்தால் கிடைக்கும் மரியாதை ஒரு கூடுதல் கூலியாகக் கொடுக்கப்பட்டது என்கிறார். எனக்கு இந்த வாசிப்பில் கிடைத்த சாவி அதுதான். ஒரு வாதம் சரியா தப்பா என்று கேட்பதோடு பகுத்தறிவின் வேலை முடிவதில்லை. அந்த வாதத்தால் யாருக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று அடுத்த நிமிடமே கேட்டாக வேண்டும்.

இதற்கு என்னிடம் உள்ள மிகக் கொடிய சான்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. மிஷெல் அலெக்ஸாண்டர் 2010-இலும் பிரையன் ஸ்டீவன்சன் 2014-இலும் எழுதிய நூல்கள் இரண்டிலுமே அது வருகிறது. வாரன் மெக்கிளெஸ்கி என்ற கறுப்பர், கொள்ளை ஒன்றின்போது வெள்ளைக் காவலரைச் சுட்டுக் கொன்றதாக ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்றவர். அவருடைய வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஆய்வை வைத்தார்கள். டேவிட் பால்டஸ் என்ற சட்டப் பேராசிரியரும் சக ஆய்வாளர்களும் 1970-களின் ஜார்ஜியாக் கொலை வழக்குகள் 2,000-க்கு மேல் எடுத்து, 230 காரணிகளைக் கழித்துப் பார்த்த ஆய்வு. கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு, கறுப்பராக இருந்தால் உள்ளதைப் போல 4.3 மடங்கு என்று அது காட்டியது. 1987-இல் தீர்ப்பு வந்தது, ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் ஆய்வைப் பொய் என்று சொல்லவில்லை. அது சரி என்றே வைத்துக்கொண்டு வழக்கைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். பிறகு, இந்த வாதத்தை ஏற்றால் மொத்தக் குற்றவியல் நீதியமைப்பின் அடிப்படையே கேள்விக்குள்ளாகும் என்று காரணம் சொல்லித் தள்ளுபடி செய்தார்.

இதை மறுபடியும் படியுங்கள். ஆதாரம் கேட்டார்கள், கொடுத்தார்கள். துல்லியமாகக் கேட்டார்கள், 230 காரணிகளைக் கழித்துக் கொடுத்தார்கள். கடைசியில், உண்மை ரொம்பப் பெரியதாக இருக்கிறது, அதனால் வேண்டாம் என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு, எந்த வழக்கிலாவது உங்கள் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர் கேட்டபோது, பவல் இந்த வழக்கைத்தான் சொன்னார். மெக்கிளெஸ்கி 1991 செப்டம்பர் 25 அன்று மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

நாவலாசிரியர் டோனி மாரிசன் 1975-இல் போர்ட்லாண்டில் ஆற்றிய ஓர் உரையில் இதை வேறு முனையிலிருந்து சொல்லியிருக்கிறார். உனக்கு மொழி இல்லை என்பார்கள், இருக்கிறது என்று நிரூபிக்க இருபது வருடம் செலவழிப்பாய். மண்டை ஓடு சரியில்லை என்பார்கள், அறிஞர்களைத் திரட்டிச் சரி என்று காட்டுவாய். ஒன்று முடிந்தால் இன்னொன்று கேட்பார்கள். நிறவெறி உன்னை உன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதைப் படித்தபின் 'ஆதாரம் என்ன' என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்று நான் கவனிக்கத் தொடங்கினேன். அடிபட்டவனிடம் சான்றிதழ் கேட்பதும் அடித்தவனை விட்டுவிடுவதும் பகுத்தறிவு ஆகாது. இதை நம் கூட்டங்களில் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்தப் புத்தகங்களுக்கு நடுவே ஓர் இந்தியரும் நிற்கிறார். பகத் சிங் திந்த், பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். குடியுரிமை கேட்டார். வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். இப்படி நீதிமன்றம் போனவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருமே தாங்கள் வெள்ளையர் என்றுதான் வாதிட்டார்கள் என்று இயான் ஹேனி லோபஸின் 1996 நூல் பதிவு செய்கிறது. கறுப்பர்களுக்குத் திறந்திருந்த கதவைத் தட்ட வேறு ஆளில்லை. 1922 நவம்பரில் டகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் மனுவைத் தள்ளியபோது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைய விஞ்ஞான நூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் பட்டியலில்தான் வைத்திருந்தன. திந்த் அந்த நூல்களோடு வந்தார். மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட் விஞ்ஞானத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைப்பான் என்பதே அளவுகோல் என்றார். ஜப்பானியரைத் தடுக்க விஞ்ஞானம் உதவியது, இந்தியரைத் தடுக்க உதவவில்லை. உதவாத விஞ்ஞானம் வேலையை விட்டு நீக்கப்பட்டது.

திந்தின் தரப்பு வைத்த வாதம்தான் நமக்கு நெஞ்சில் குத்த வேண்டியது. தான் தூய ஆரிய இரத்தம், உயர்சாதி என்றார்கள். உயர்சாதி இந்து தன் நாட்டுப் பூர்வகுடிகளைத் திருமண விஷயத்தில் எப்படிப் பார்க்கிறானோ, அப்படித்தான் அமெரிக்கன் நீக்ரோவைப் பார்க்கிறான் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் உங்களைப் போலவே ஒதுக்கத் தெரிந்தவர்கள், ஆகவே எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இதன் பொருள். சேர்த்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான, சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். விவேக் பால்டின் 2013 நூல், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வங்காள முஸ்லிம் கப்பல் தொழிலாளர்களும் துணி வியாபாரிகளும் நியூ ஆர்லியன்ஸிலும் ஹார்லெமிலும் கறுப்பினப் பெண்களை மணந்து, அந்தத் தெருக்களிலேயே பிள்ளை பெற்று வாழ்ந்ததைச் சொல்கிறது. படிப்பும் நீதிமன்ற வாதமும் இல்லாத அந்த மனிதர்களுக்கு வீடு கிடைத்தது கறுப்பர்களிடம்.

நம்மவர்கள் பெருவாரியாக அமெரிக்கா போக வழிவிட்டது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் அடிவாங்கி, நாய்கள் ஏவப்பட்டு, சிறை சென்று வென்றெடுத்த குடிமை உரிமைச் சட்டங்களின் அலையில்தான் அதுவும் நிறைவேறியது. அங்கே வீடு வாங்கப் போகும் என் உறவுப் பையன் ஒருவன் தொலைபேசியில் ஒரு பகுதியின் பெயரைச் சொல்லி, அங்கே வேண்டாம் என்றான். ஏன் என்றேன். "சித்தப்பா, இதுல கலர் ஒண்ணும் இல்ல. ஸ்கூல் ரேட்டிங் பாருங்க, ரீசேல் வேல்யூ பாருங்க. எல்லாம் டேட்டா" என்றான். அவன் நல்ல பையன். யாரையும் ஒரு சொல் இழிவாகப் பேசாதவன்.

அவனுக்கு ரிச்சர்ட் ராத்ஸ்டீன் 2017-இல் எழுதிய நூலை வாங்கி அனுப்பினேன். 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரம் நகரமாக வரைபடம் போட்டு, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு மை தீட்டியது. கடன் கொடுத்தால் ஆபத்து என்று அர்த்தம். டெட்ராய்ட் நகரின் எட்டு மைல் சாலைப் பக்கம் 1941-இல் வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்த ஒரு மனை வியாபாரிக்கு, பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருக்கிறது என்று சொல்லிக் கடன் உத்தரவாதம் மறுத்தார்கள் அதிகாரிகள். அவர் நடுவில் ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. சுவர் இன்றும் நிற்கிறது. கடன் கிடைக்காத தெருவில் வீட்டு மதிப்பு ஏறாது. மதிப்பு ஏறாத இடத்தில் சொத்து வரி குறைவு. சொத்து வரியை நம்பி நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பணம் குறைவு. பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரேட்டிங் போடுகிறார்கள், அதைப் பார்த்து என் பையன் முடிவெடுக்கிறான். அவன் பார்த்த டேட்டா பொய்யில்லை. அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதை மட்டும் டேட்டா அவனுக்குச் சொல்லவில்லை.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் காவலரால் கொல்லப்பட்ட பிறகு, நிறவெறி பற்றிய புத்தகங்கள் அமெரிக்காவில் அச்சடித்துத் தீரவில்லை. விற்பனைப் பட்டியலின் உச்சியில் வாரக்கணக்கில் இருந்தன. அடுத்த ஆண்டிலிருந்தே பல மாநிலங்களில் இந்த வரலாற்றை வகுப்பில் பேசக் கட்டுப்பாடுகள் வந்தன. மாரிசனின் முதல் நாவலைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்தார்கள். தடை போட்டவர்கள் ஹியூ ஆல்டின் வாரிசுகள், எழுத்தின் பலம் தெரிந்தவர்கள். வாங்கி அலமாரியில் வைத்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. படித்தோம், கலங்கினோம், நல்லவர்களானோம் என்று நினைத்துக்கொள்வது கறுப்பர்களுக்கு என்ன கொடுத்தது? எந்தச் சுவரில் எத்தனை கல் பெயர்ந்தது?

அறிவை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் ஐடா பி. வெல்ஸ். மெம்ஃபிஸ் நகரில் பத்திரிகை நடத்திய கறுப்பினப் பெண். 1892 மார்ச்சில் அவருடைய நண்பரும் தபால்காரருமான தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். மாஸ் நடத்திய மளிகைக்கடை எதிரே இருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டி. அவ்வளவுதான் குற்றம். கும்பல் கொலைகளுக்குப் பின்னால் ஏதோ பாலியல் வன்முறை இருக்கும் என்று பத்திரிகைகள் சொன்னதை வெல்ஸும் அதுவரை பாதி நம்பியிருந்தார். மாஸைத் தெரிந்ததால் இனி நம்ப முடியவில்லை. வெள்ளையர் பத்திரிகைகள் வெளியிட்ட எண்களையே எடுத்துக் கூட்டினார். எட்டு ஆண்டுகளில் 728 பேர் கொலை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டாவது இருந்தது. எண்களை வெளியிட்டதோடு அவர் ஓயவில்லை. நம்மைக் காக்காத ஊருக்கு நம் காசு எதற்கு என்று எழுதினார். மக்கள் மூட்டை கட்டி மேற்கே ஓக்லஹோமாவுக்குப் புறப்பட்டார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள்.

சுமார் ஆறு வாரம் கழித்து டிராம் நிறுவனத்தின் மேற்பார்வையாளரும் பொருளாளரும் அவருடைய பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார்கள். கறுப்பினப் பயணிகள் திடீரென்று குறைந்துவிட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார்கள். என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று வெல்ஸ் கேட்டார். வண்டிகள் புதிதாக மின்சாரத்தில் ஓடுகின்றன, உங்கள் மக்களுக்கு மின்சாரம் என்றால் பயம் என்று கேள்விப்பட்டோம் என்றார்கள். எவ்வளவு நாளாகக் குறைந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, மாஸ் கொல்லப்பட்டும் அதே ஆறு வாரம்தான் ஆகிறது என்று அவர் நினைவூட்டினார். எங்கள் நிறுவனத்துக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அவர்கள் போனதும் வெல்ஸ் இந்த உரையாடலை அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுத்தார். இதழ் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் பெரிய தேவாலயங்கள் இரண்டுக்கும் போய், வந்தவர்கள் கேட்டதையும் தான் சொன்னதையும் மக்களிடம் சொல்லி, தொடர்ந்து நடந்தே போங்கள் என்றார்.